எங்கள் எல்லோருக்கும் பிடித்த ஆட்டக்காரர்

எங்கள் ஊரில் சனிக்கிழமைகளில் ஒரு ஹோர்ன் ஊதும். ஐஸ் ஹொக்கி மண்டபம் எங்கள் குடியிருப்புக்குப் பின்தெருவில் இருக்கிறது. ஊர் அணி கோல் போட்டால் அந்த ஹோர்ன், கப்பல் ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல, ஜன்னல் கண்ணாடி அதிர ஊதும். மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அந்தச் சத்தத்துக்கு வெருண்டு எழும்பி அழுவாள். நான் பல்கனிக் கதவின் கீழே துவாயை அடைத்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கோல் விழுந்துவிடக் கூடாதே என்று நடந்துகொண்டிருப்பேன். ஒருமுறை பொறுக்க முடியாமல் வீட்டு நிர்வாகத்துக்குத் தொலைபேசி எடுத்து முறைப்பாடு செய்தேன். எடுத்தவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அந்த நேரத்தில் தானும் மண்டபத்துக்குள்தான் நின்றதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவரைப் படிக்கட்டில் காணும்போதெல்லாம், என் குரலை அடையாளம் கண்டிருப்பாரோ என்று தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

லாங்கன்தால் நகரத்தில் இருந்து பஸ்ஸில் வரக்கூடிய சின்ன ஊர் இது. இங்கே சம்பளத்துக்கு விளையாடும் ஓர் அணி இருக்கிறது என்பதே வெளியூர்க்காரருக்கு ஆச்சரியம். எனக்கு அது ஆச்சரியமும் இல்லை, அக்கறையும் இல்லை. பிரஜாவுரிமைக்கான நேர்முகத்துக்கு எங்களைக் கூப்பிடும் வரை.

விண்ணப்பித்தது என் பிடிவாதத்தில்தான். கணவர் சின்ன வயதில் பெற்றோரோடு இங்கே வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், லாங்கன்தாலில் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது, அது போதும் என்பது அவருடைய கட்சி. எனக்குப் போதாது. மகள் இங்கே பிறந்தவள். அவளுடைய கடவுச்சீட்டோ அவள் காலே வைத்திராத நாட்டினுடையது. லண்டனில் என் தங்கையின் கலியாணத்துக்கு விசா கேட்டு, அலைந்து, அது நேரத்துக்குக் கிடைக்காமல், தாலி கட்டுவதைக் கைத்தொலைபேசியில் பார்த்தவள் நான். இவள் அந்த வரிசையில் நிற்கக் கூடாது. நேர்முகத்தில் நான் சறுக்கினால் அவளுடைய விண்ணப்பமும் என்னோடு சேர்ந்து சறுக்கும் என்றே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது சட்டப்படி சரியா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு, ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஓஸ்டர்முண்டிகனில் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறார். ஆஸ்பத்திரி வேலை கிடைத்து அங்கே போவதற்கு முன் எங்கள் ஊரில்தான் இருந்தார், இதே நேர்முகத்தில் தேறியவர். அதனால் எங்கள் பக்கத்தில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கூப்பிட்டாலும் முதலில் அக்காவுக்குத்தான் தொலைபேசி போகும்.

"பிள்ளை, மலையின்ர உயரம், மந்திரிமாற்ற பேர் எல்லாம் எழுத்துச் சோதினைக்கு வாற சாமான்," என்றார் அக்கா. "வாய்க்கேள்வியில அவை கேக்கிறது ஊர் ஹொக்கி ரீமைப் பற்றி. அந்த ஊர்ச் சனத்துக்கு அது கோயில் மாதிரி."

"எனக்கு ஹொக்கி ஒண்டும் தெரியாதே அக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமோ? ஒரு நாள் எட்டியும் பாக்கேல்லை. உங்களுக்கு ஆர் விருப்பமான ஆட்டக்காரர் எண்டு கேப்பினம். கப்டன்ர பேரைச் சொல்லு. சொல்லிப்போட்டு வடிவாய்ச் சிரி. எனக்குப் பிறகு போன எல்லாருக்கும் இதைத்தான் சொன்னனான். ஒருத்தரும் பெயில் இல்லை."

கப்டனின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அந்தக் கேள்வி முடிந்தது என்று மனத்துக்குள் ஒரு சரி போட்டுக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு இது புரியும். கடந்தகால வினாத்தாள்களைத் தேடிச் சேர்ப்போம். வந்த கேள்வி திரும்ப வரும். விடையைப் பாடமாக்கினால் போதும், விளங்குவது பிறகு ஆறுதலாக நடக்கும். எனக்கு இன்றைக்கும் வேறு விதமாகப் படிக்கத் தெரியாது.

நூலகத்தில் இருந்து ஊரின் சரித்திரப் புத்தகத்தை எடுத்து வந்து, சோறு கொதிக்கும்போதும் மகளுக்குத் தலை வாரும்போதும் அணியின் கதையைப் பாடமாக்கினேன். ஊரில் ஒரு செங்கல் சூளை இருந்தது. களிமண் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, மாரிக் குளிரில் உறைந்தது. சூளைத் தொழிலாளர்கள் பலகையால் பனியை வழித்துவிட்டு அதில் விளையாடத் தொடங்கினார்கள். ரயில்பாதையில் எங்களுக்கு மேலே உள்ள பெரிய ஊரின் அணி, கடைக்காரர்களும் எழுதுவினைஞர்களும் சேர்ந்த அணி, ஒரு முறை விளையாட வந்தபோது பனி இளகி, எங்கள் ஊர்க்காரர் முழங்கால் வரை களிமண்ணோடு நின்றார்களாம். 'களிமண்காலர்' என்று அவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாரியில் எங்கள் ஊர்க்காரர் அந்தப் பெயரைத் தங்கள் சட்டையிலேயே தைத்துக்கொண்டு போய் நின்றார்கள். பிறகு மண்டபம், பிறகு கூரை, பிறகு சம்பளம். இரண்டு மாரிகாலம் நாட்டின் மேல்வரிசை அணிகளோடு விளையாடிவிட்டுத் திரும்ப இறங்கினார்கள். பணக்காரர் ஒருவர் அணியை வாங்கி, பெயரையும் மாற்றி நகரத்துக்குக் கொண்டுபோகக் கேட்டபோது, அங்கத்தவர்கள் கூடிக் கையுயர்த்தி மாட்டோம் என்றார்கள். சூளையை இடித்த பிறகும் ஒரு செங்கல்லை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டத்திலும் கப்டன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு பனிக்குள் இறங்குவார்.

கணவர் கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "உமக்கு என்ன, ஹொக்கியில டிகிரி எடுக்கிற யோசனையோ? வாரும், ஒரு மச்சுக்குப் போவம். ஒரு பின்னேரத்தில எல்லாம் விளங்கும்."

"பிள்ளைக்குக் காது நோ. அந்தக் குளிருக்கையும் சத்தத்துக்கையும் கொண்டு போறதோ?"

"காது நோ போன மாசம்."

"திரும்ப வராதெண்டு எழுதித் தருவியளோ?"

"நான் பள்ளிக்கூட நாளையில அங்கதான் நிண்டு வளர்ந்தனான். எனக்குக் காது நல்லாய்த்தான் கேக்குது. நீர் சொல்லுறதுகள்தான் சில நேரம் கேக்கிறேல்லை."

நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவுச் சோறு வைத்தேனா என்று பானையைத் திறந்து பார்ப்பேன். முதியோர் இல்லத்தில் வேலைக்கு நிற்கும்போது அணி மேலே ஏறியது முதலா கூரை போட்டது முதலா என்று குழம்பி, கையில் தேநீர்க் கோப்பையோடு நடைபாதையில் நின்றுவிடுவேன்.

நேர்முகத்தன்று மகளைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டுப் போனோம். கணவரை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அது நல்லதா கெட்டதா என்று நான் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வந்து, "சும்மா கதைக்கினம், பயப்பிடாதையும்," என்றார்.

உள்ளே மூன்று பேர். அலுவலகத்துப் பெண் ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஆண் ஒருவர், மீசை வைத்த வயதானவர் ஒருவர். வயதானவரின் கதிரைச் சாய்மானத்தில் நீலமும் வெள்ளையுமாக அணியின் சால்வை தொங்கியது. அதைப் பார்த்ததும் அக்கா வாழ்க என்று நினைத்தேன்.

ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று பெண் கேட்டார். நான் செங்கல் சூளையில் தொடங்கினேன். பள்ளம், பலகை, களிமண், பெயர், கூரை. மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தேன். "மெதுவாக, மெதுவாக," என்றார் பெண். "எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்." மற்றவர்கள் புன்னகைத்தார்கள். பிறகு வயதானவர் முன்னால் சாய்ந்து, பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டார்.

வந்த கேள்வி திரும்ப வந்தது. கப்டனின் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அக்கா சொன்னபடி வடிவாகச் சிரித்தேன்.

மற்ற ஆண் மேசையைப் பார்த்தார். வயதானவரின் மீசை ஒரு பக்கம் ஏறியது.

"உங்களுக்குமா?" என்றார். "உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவரைத்தான் பிடிக்கிறது. போன வருடம் வந்த குடும்பத்தில் தகப்பனுக்கும் அவர், தாய்க்கும் அவர். அதற்கு முதல் வந்த பெண்ணுக்கும் அவர். நல்லது. அவர்கள் சொன்னபோது அவர் இங்கே விளையாடினார்." கொஞ்சம் நிறுத்தினார். "வசந்தத்தில் அவர், எங்களைக் களிமண்காலர் என்று சிரித்த மேல் ஊருக்குப் போய்விட்டார். அவர்களுக்கு விளையாடப் போய்விட்டார்."

நான் படித்தது சரித்திரம். இந்த வருடத்துச் செய்தியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு விடை என்னிடம் இருந்தது.

"சரி, பிடிக்கட்டும்," என்றார் அவர். "ஏன் பிடிக்கும்? அதைச் சொல்லுங்கள்."

பாடமாக்கியதில் அதற்கு ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன். மகளின் முகம்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் சொன்னவற்றை நானாகச் சொன்னேனா, பயம் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது.

"எனக்கு அவரைத் தெரியாது," என்றேன். "நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. எனக்கு உங்கள் ஹோர்னைத்தான் தெரியும். நாங்கள் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறோம். மகள் குழந்தையாக இருந்தபோது அந்தச் சத்தத்துக்கு அழுவாள். நான் வீட்டு நிர்வாகத்திடம் முறைப்பாடும் செய்திருக்கிறேன்."

பெண் எதையோ எழுதினார். நிறுத்த வேண்டிய இடம் அது. நான் நிறுத்தவில்லை.

"ஆட்டம் முடிந்து ஆட்கள் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் பஸ்ஸுக்குப் போவார்கள். வென்றால் பாடிக்கொண்டு போவார்கள். தோற்றால் ஒரு சத்தமும் இருக்காது, சப்பாத்துச் சத்தம் மட்டும்தான். இவ்வளவு பேர் பேசாமல் போவதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. இப்போது மகள் குளிக்கும்போது அந்தப் பாட்டைத்தான் பாடுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜன்னலால் வந்ததுதான்."

வயதானவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெண் நன்றி சொல்லி எழுந்து கை தந்தார்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் கணவர் பஸ் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அவன் போனது உமக்குத் தெரியாதோ? ஊரே செத்த வீடு மாதிரி இருந்தது. அவன்ர வீட்டு வாசல்ல ஆரோ ஒரு செங்கல்லைக் கொண்டுபோய் வைச்சவங்கள். திட்டி வைச்சதோ, ஞாபகத்துக்கு வைச்சதோ எண்டு இண்டைக்கும் தொழிற்சாலையில சண்டை."

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே! கூரை எப்ப போட்டதெண்டுதானே என்னைப் போட்டு வறுத்தெடுத்தனீர்."

முறைப்பாட்டுக் கதையை ஏன் சொன்னேன்? அந்தப் பெண் எழுதியது அதைத்தானா? நாட்கள் போகப் போக அந்த அறையில் நான் சொன்னது ஒவ்வொன்றும் வேறு வேறு நிறம் கொண்டது. பின்னேரம் அது உண்மை, காலையில் அது அவமரியாதை. மகள் குளியலறையில் பாடத் தொடங்கினால் கதவைச் சாத்துவேன். "மெதுவாய்ப் பாடு அம்மா," என்பேன். ஏன் மெதுவாக என்று அவள் கேட்டால் தலையில் தண்ணீரை ஊற்றுவேன்.

மேல் ஊர் அணி எங்கள் ஊருக்கு விளையாட வந்த சனிக்கிழமை, கணவர் என்னைக் கேட்காமலே ஆட்டத்துக்கு ரிக்கற் எடுத்துவிட்டார். போனால் அந்த மூன்று பேருக்கும் முகத்தைக் காட்டப் போனதாகத் தெரியாதா என்று கேட்டேன். "முகத்தைக் காட்டாமல் எப்பிடி மச் பாக்கிறது?" என்றார். மகளுக்குக் காதை மூடும் பெரிய கவசம் வாங்கினேன். கை சும்மா இருக்கவில்லை, மீன் றோல் பொரித்தேன். வாசலில் பையைத் திறந்து பார்த்த பையன் றோலை மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

நின்று பார்க்கும் பக்கத்தில் கணவர் தன் பழைய இடத்துக்கு நேரே போய் நின்றார், எத்தனையோ வருடம் போகாத வீட்டின் சாவி பொருந்தியதுபோல. எங்களுக்கு இரண்டு படி கீழே அந்த மீசைக்காரர். நான் கணவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கணவரோ டப்பாவைத் திறந்து, "இந்தாருங்கோ," என்ற தோரணையில் மீசைக்காரருக்கு நீட்டிவிட்டார்.

"என்ன செய்யிறியள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அந்த மனிசன் எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லுற ஆள். லஞ்சம் எண்டு நினைக்கப் போகுது!"

"மீன் றோலுக்கோ? அப்ப ரெண்டாய்க் குடுப்பம்."

வயதானவர் றோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை நான் எங்கேயும் எழுத மாட்டேன்," என்றார். தின்றார். உறைப்புக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தார்.

எங்களுக்கெல்லாம் பிடித்த ஆட்டக்காரரை அன்றைக்குத்தான் கண்டேன். அவர் பனிக்குள் இறங்கியதும் மண்டபம் முழுக்க விசிலடித்தது. கோபத்தில் அடிக்கும் விசில். அவர் தலையைத் தூக்காமல் சறுக்கிக்கொண்டு போனார். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். எத்தனை தமிழ்ச் சமையலறைகளில் தன் பெயரைப் பாடமாக்கினார்கள் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இரண்டாவது பகுதியில் அவர்தான் கோல் போட்டார். அத்தனை சனமும் ஒரே நேரத்தில் அடங்கியது. அந்த அமைதிக்குள் மகள், காதுக் கவசம் போட்டிருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறாள் என்று தெரியாமல், கிண்டர்கார்டனில் பேசும் இந்த ஊர்ப் பாஷையில் கேட்டாள்: "ஏன் ஹோர்ன் ஊதவில்லை?"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "அவன் இப்போது எங்கள் ஆள் இல்லை, செல்லம்," என்றார் ஒரு பெண்.

மகள் யோசித்தாள். பிறகு என்னிடம் தமிழில், "அப்ப அவருக்கு ஒருத்தரும் ஊதேல்லையோ? பாவம் அம்மா," என்றாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி மீசைக்காரர் கேட்டார். நான் சொல்லவா விடவா என்று தயங்கிச் சொன்னேன். அவர் திரும்பிப் பனியைப் பார்த்தார்.

பிறகு எங்கள் அணி ஒன்று போட்டது. வீட்டில் கேட்கும் ஹோர்ன் வேறு. உள்ளே அது காதுக்கு வராமல் நேரே விலாவுக்குள் வந்தது. மகள் குதித்தாள். காதைப் பொத்தியது நான்தான்.

தோற்றுப்போனோம். கூட்டத்தோடு கூட்டமாக எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்தபோது ஒருவரும் பேசவில்லை. சப்பாத்துச் சத்தம் மட்டும். குசினி விளக்கை நிறுத்தாமல் வந்திருக்கிறேன், மேலே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று கணவரின் பக்கம் திரும்பினேன். எனக்குக் கோபமாக இருந்தது, கடைசி நேரத்தில் எங்கள் கோல் காப்பாளர் நழுவவிட்ட அந்த ரப்பர்த் தட்டின் மேல் உண்மையாகவே கோபமாக இருந்தது.

மாரி முடிவதற்குள் மறுமொழி வந்தது. நான் வேலையில் இருந்தபோது கணவர் தொலைபேசி எடுத்து, "மூண்டு பேருக்கும் ஓமாம்," என்றார். மாகாண அரசும் மத்திய அரசும் இன்னும் பார்க்க வேண்டுமாம், ஆனால் ஊர் சம்மதித்துவிட்டது. நான் முதியோர் இல்லத்துத் துணி அறைக்குள் போய், மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த நிமிடமே, மாகாணம் முறைப்பாட்டைத் தோண்டி எடுக்குமோ என்ற யோசனை வந்தது.

பின்னேரம் அக்காவுக்குச் சொன்னேன். ஒரு பாட்டம் சந்தோஷப்பட்டுவிட்டு, "என்ன கேட்டவை? சொல்லு பிள்ளை, அடுத்த மாசம் உங்கட ஊரில இன்னொரு குடும்பம் போகுது," என்றார்.

கப்டன் கதையைச் சொன்னேன்.

"ஐயோ, அவன் மாறிட்டானோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போகக் கூடாதோ?"

"அக்கா, அவையை ஒருக்கா மச்சுக்குப் போகச் சொல்லுங்கோ. ஒருக்காப் போனால் காணும்."

"அதுகள் ரெண்டும் ரெண்டு இடத்தில வேலை, கைக்குழந்தை வேற. எங்க போறது? நீ அதை விடு. இப்ப ஆற்ற பேரைச் சொல்லோணும்? அதைச் சொல்லு."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அந்தத் தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது கண்ணில் வந்தது. கோல் காப்பாளரின் பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "நல்லாய்த் தடுக்கிறார், கடைசி நிமிசத்தில மட்டும் கொஞ்சம் பதட்டப்படுவார், அதுதான் எனக்கு அவரைப் பிடிக்கும் எண்டு சொல்லச் சொல்லுங்கோ," என்றேன்.

"கொஞ்சம் பொறு, எழுதிறன்," என்றார் அக்கா.

தொலைபேசியை வைத்துவிட்டு மகளைக் குளிக்க வார்த்தேன். அவள் பாடத் தொடங்கியபோது, அந்தக் காப்பாளரை அடுத்த வருடத்துக்கும் வைத்திருக்கிறார்களா என்ற யோசனை வந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இஞ்சருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டேன்.